கையில் மூன்று கம்பனி லென்ஸ், வாங்கப்போவது ஒரு மிரர்லெஸ்: அடப்டர் போட்டால் சரிவருமா?

நந்திக்கடல் ஓரம்

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். நாலு வருடமாகக் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் பொங்கல் என்று படம் எடுத்துக் கொடுக்கிறேன். இருப்பது கனொன் 700டி. நிறைய உழைத்துத் தந்துவிட்டது, இனி உள்ளே கண்ணாடி எழும்பி விழாத மிரர்லெஸ் கமரா ஒன்றுக்கு மாறவேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அது கமராவுக்கு மட்டும் காணும். லென்ஸும் புதிதாக வாங்க ஏலாது, அதனால்தான் இந்தக் கேள்வி.

என்னிடம் உள்ள லென்ஸ்கள் இவை. கனொனில் 18-55, 55-250 எஸ்ரிஎம், 50 எஃப்1.8 எஸ்ரிஎம். பிறகு நிக்கொன் 85 எஃப்1.8 டி ஒன்று, கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவை மூடும்போது குறைந்த விலைக்கு வந்தது, பூட்டுவதற்குக் கமரா இல்லாமலே ஆசைக்கு வாங்கி வைத்துவிட்டேன். மூன்றாவது ஒரு சுப்பர் தாகுமார் 55 எஃப்1.8, திருகிப் பூட்டும் பழைய வகை. அது என் சித்தப்பாவுடையது. அவர் முல்லைத்தீவில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கமரா போய்விட்டது, நெகட்டிவ் பெட்டிகள் போய்விட்டன, அவர் எடுத்த படம் ஒன்றுகூட இப்போது எங்கள் வீட்டில் இல்லை. இந்த லென்ஸ் மட்டும் சித்தியின் சேலைப் பைக்குள் சுற்றியபடி தப்பி வந்திருக்கிறது. போன மாதம்தான் எடுத்துத் தந்தா.

ஒருவர் சொல்கிறார், சொனி ஏ6400 வாங்கு, லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டும் அடப்டர் போட்டால் உலகத்தில் உள்ள எல்லா லென்ஸும் வேலை செய்யும் என்று. இன்னொருவர், அடப்டர் போட்டால் படத்தின் தரம் விழும், ஓட்டோ போகஸ் செத்துவிடும், கனொன் ஆர்10 அல்லது ஆர்50 ஐ எடு என்கிறார். இரண்டு பேரும் உறுதியாகத்தான் சொல்கிறார்கள். இங்கே கடையில் பூட்டிப் பார்க்க வசதி இல்லை, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனாலும் என் மூன்று கம்பனி லென்ஸுக்கும் அடப்டர் வைத்திருப்பார்களா தெரியாது. பாவித்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மாங்குளம் சந்தி

தங்கச்சி, இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்துவிட்டால் அந்த இரண்டு பேரும் எங்கே சரி, எங்கே பிழை என்று தானாக விளங்கும். லென்ஸ் பூட்டுப்பட்டு, தூரத்தில் நிற்கும் பனை வரைக்கும் கூர்மையாகத் தெரியுமா என்பது ஒன்று. கமரா சொல்வது லென்ஸுக்குக் கேட்குமா என்பது மற்றது.

முதலாவது வெறும் அளவுக் கணக்கு. ஒவ்வொரு மவுண்டுக்கும், அதாவது கமராவில் லென்ஸ் பூட்டும் வளையத்துக்கும், அந்த வளையத்தின் முகத்திலிருந்து சென்சர் வரைக்கும் ஒரு குறித்த தூரம் உண்டு. கனொன் இஎஃப் 44 மில்லிமீட்டர், நிக்கொன் எஃப் 46.5, உங்கள் சித்தப்பாவின் எம்42 திருகு 45.46. பழைய கமராக்களில் நடுவில் கண்ணாடி எழும்பி விழ இடம் வேண்டும், அதனால்தான் இவ்வளவு. மிரர்லெஸ்சில் அந்தக் கண்ணாடி இல்லை. கனொன் ஆர்எஃப் 20, சொனி இ 18, புஜி எக்ஸ் 17.7, நிக்கொன் இசட் 16. மிச்சமாக வரும் இடைவெளியை நிரப்பும் குழாய்தான் அடப்டர். 44 இலிருந்து 20 ஐக் கழித்தால் 24, அவ்வளவு தடிப்பில் உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு குழாய். கிணற்றுக்குக் கயிறு குறைந்தால் இன்னொன்றை முடிந்து நீட்டலாம் அல்லவா, அதுபோலத்தான். மறுபக்கமாகச் செய்ய முடியாது. புது ஆர்எஃப் லென்ஸை உங்கள் 700டி யில் பூட்ட வழியே இல்லை, ஏனென்றால் அது சென்சருக்கு இன்னும் கிட்டப் போக வேண்டும், நடுவில் கண்ணாடி நிற்கிறது.

ஆகவே தரம் விழும் என்ற கதை பெரும்பாலும் பிழை. உள்ளே வில்லை இல்லாத குழாய் படத்தை என்ன செய்யும்? குழாய் கோணலாக இருந்தால் ஒரு பக்க மூலை மங்கும், உள்சுவர் பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் தெறித்துப் படம் வெளிறும். அது கடைசலில் வரும் குறை, அடப்டர் என்ற யோசனையின் குறை அல்ல.

இரண்டாவதில்தான் உண்மையான தலையிடி. கனொன் இஎஃப் 1987 இல் வந்தபோதே எல்லாவற்றையும் மின்சாரமாக்கிவிட்டார்கள். போகஸ் மோட்டரும் லென்ஸுக்குள், வெளிச்சம் வரும் துளையான அப்பேச்சரை மூடித் திறப்பதும் லென்ஸுக்குள். லென்ஸில் அப்பேச்சர் வளையம் இல்லை. தொடுபுள்ளிகள் இல்லாத வெறும் குழாயில் பூட்டினால் அப்பேச்சர் திறந்தபடி நிற்கும், ஒன்றும் செய்ய முடியாது. கனொன் செய்யும் இஎஃப்-ஆர்எஃப் அடப்டர் அந்தப் பேச்சை அப்படியே கடத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே வீட்டு மொழி. உங்கள் 55-250 இல் உள்ள நடுக்கம் குறைக்கும் வசதிகூட வேலை செய்யும், முகத்தையும் கண்ணையும் தேடிப் பிடிக்கும், அடப்டர் இருப்பதே மறந்துபோகும். சொனியில் கனொன் லென்ஸைப் பூட்டும்போது நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை, அந்தச் சிப்தான் அடப்டருக்கு விலை. கனொன் தன் நெறிமுறையை வெளியில் எல்லோருக்கும் கொடுத்ததில்லை. வெளிக் கம்பனிகள் ஆராய்ந்து கண்டுபிடித்துச் செய்கின்றன. படத்துக்கு நன்றாகவே வேலை செய்யும் சேர்க்கைகள் நிறைய இருக்கின்றன, வீடியோவுக்கு வந்தால்தான் போகஸ் முன்னும் பின்னும் தேடும். சிக்மாவின் எம்சி-11 போன்றவற்றில் யூஎஸ்பி துளை இருக்கும், அதன் வழியாக மென்பொருளைப் புதுப்பிக்கலாம். அந்தத் துளை இல்லாததை வாங்கினால் வாங்கிய நாளில் உள்ளதுதான் கடைசி வரைக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோவில் கலியாணம், இரண்டு கம்பனி கலந்த சேர்க்கை, நடுவில் மலிவாக வாங்கிய அடப்டர் ஒன்று. காலையிலிருந்து நல்லபடியாகத்தான் ஓடியது. தாலி கட்டும் நேரம், ஓமப் புகை, பின்னால் வாசல் வெளிச்சம், சனம் முன்னால் நெருக்குகிறது, யாரோ தோளில் இடித்தார்கள். திரையில் எஃப் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இலக்கம் போய் இரண்டு கோடு வந்தது. லென்ஸைக் கமரா மறந்துவிட்டது. கழற்றிப் பூட்டி அது திரும்பவும் அறிந்துகொள்ளும் முன் கெட்டிமேளம் முடிந்துவிட்டது. மாலை மாற்றியது இருக்கிறது, அறுகரிசி போட்டது இருக்கிறது, அந்த முடிச்சு மட்டும் என்னிடம் இல்லை. மணமகளின் அம்மா அல்பத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அதுக்குப் பிறகு கூலி வாங்கும் வேலைக்கு மொழிபெயர்ப்பு அடப்டர் கொண்டுபோவதில்லை.

அதனால் உங்களுக்கு ஆர்10 உம் கனொனின் சொந்த அடப்டரும். மூன்று கனொன் லென்ஸும் அப்படியே உழைக்கும், காசு மிச்சம். ஆர்50 கொஞ்சம் மலிவு, ஆனால் பழைய ஃபிளாஷ் வைத்திருந்தால் அதன் மேல் நேரே போட முடியாது, அதுக்கும் ஒரு இணைப்பு வாங்க வேண்டும். கலியாண மண்டபத்தில் ஃபிளாஷ் இல்லாமல் சரிவராது என்பது உங்களுக்கே தெரியும்.

குளக்கட்டு

மேலே சொன்ன அண்ணையுடன் எனக்கு முழு உடன்பாடு. நிக்கொன் பக்கத்துக் கதையை மட்டும் சேர்க்கிறேன், அந்த 85 டி யைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை.

நான் குருவி படம் எடுக்கிறவன், தொழில் வேறு. சுண்டிக்குளத்தில் பூநாரை வரும் காலத்தில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய் இருப்பேன், மற்ற நாளில் இரணைமடுக் கட்டு. நிக்கொன் இசட்50 மிரர்லெஸ், அதில் நிக்கொனின் சொந்த எஃப்ரிஇசட் அடப்டர், அதில் 200-500 லென்ஸ். அந்த லென்ஸுக்குள் மோட்டர் இருப்பதால் ஓட்டோ போகஸ் நன்றாக ஓடுகிறது, பறக்கும் கூட்டத்தையும் பிடிக்கிறது. ஆனால் உங்கள் 85 டி வேறு வகை. அதற்குள் மோட்டர் இல்லை. பழைய நிக்கொன்களில் கமராவிலிருந்து ஒரு சின்னத் திருப்புளி நீட்டிக்கொண்டு லென்ஸைச் சுற்றும், அந்தத் திருப்புளி எஃப்ரிஇசட்டில் இல்லை. ஆகவே நிக்கொன் மிரர்லெஸ்சே வாங்கினாலும் எஃப்ரிஇசட்டோடு அந்த லென்ஸைக் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். நிக்கொன் லென்ஸுக்கு நிக்கொன் கமரா என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் டி யில் ஒரு பெரிய நன்மை. அப்பேச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்கிறது. எந்தக் கம்பனிக் கமராவில் வெறும் குழாயோடு பூட்டினாலும் 1.8, 4, 8 என்று நீங்களே திருப்பிக்கொள்ளலாம். பின்னால் வந்த ஜி வகையில் அந்த வளையத்தை எடுத்துவிட்டார்கள், அவற்றுக்கு அடப்டரிலேயே ஒரு வளையம் வைத்துப் பின்னால் உள்ள நெம்பைத் தள்ள வேண்டும், எந்த அளவில் நிற்கிறது என்று இலக்கமும் தெரியாது.

இன்னொன்று, நம் ஊர்த் தூசி. சோளகம் அடிக்கும் மாதங்களில் ஏ9 இலிருந்து உள்ளே திரும்பினால் செம்மண் மூக்குக்குள் ஏறுகிறது, சுண்டிக்குளத்தில் உப்புக் காற்றும் சேரும். மிரர்லெஸ்சில் லென்ஸைக் கழற்றினால் சென்சர் முகம் காட்டிக்கொண்டு நிற்கும், ஷட்டரை மூடிக்கொள்ளும் மொடல்கள் சிலதான். ஆகவே அடப்டரை லென்ஸோடு சேர்த்தே விடுங்கள், இரண்டையும் ஒரு துண்டாகக் கழற்றுங்கள், கமராவின் வாய் கீழே பார்க்கட்டும். மலிவு அடப்டர்களில் ரப்பர் வளையம் இராது, தூறலில் நனைய விடாதீர்கள். பாரமான லென்ஸ் என்றால் முக்காலியில் லென்ஸின் காலைத்தான் பூட்ட வேண்டும், கமராவைப் பூட்டிவிட்டு இரண்டு கிலோவை அடப்டரில் தொங்கவிட்டால் மவுண்டே வளையும். உங்கள் லென்ஸ்கள் எல்லாம் சின்னவை, அந்தப் பயம் இப்போதைக்கு இல்லை.

நந்திக்கடல் ஓரம்

அண்ணாமார் இரண்டு பேருக்கும் நன்றி. தாலி கட்டும் நேரத்தில் நடந்ததை வாசித்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை. ஆர்10 என்று முடிவெடுத்துவிட்டேன், பாவித்தது ஒன்று விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சித்தப்பாவின் லென்ஸைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அதைப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடி மஞ்சளாகத் தெரிகிறது, தேத்தண்ணிச் சாயம் போல. ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடும் இருக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை அமத்தினால்தான் உள்ளே இதழ்கள் மூடுகின்றன. வளையத்தைத் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை. பழுதாகிவிட்டதா? இதற்கு ஆர்எஃப் அடப்டர் வாங்குவது வீண் செலவா?

பழைய இருட்டறை

பிள்ளை, அந்த லென்ஸ் பழுதாகவில்லை. வவுனியாவில் இருபது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

லென்ஸின் பக்கத்தில், மவுண்டுக்குக் கிட்ட, ஒரு சின்ன விசை இருக்கும், ஏ என்றும் எம் என்றும் எழுதியிருக்கும். இப்போது ஏ யில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கமரா படம் எடுக்கும் கணத்தில் ஊசியைத் தள்ளி இதழ்களை மூடும், மற்ற நேரம் திறந்தே இருக்கும், பார்க்க வெளிச்சமாக இருக்கட்டும் என்று. விசையை எம் க்குத் தள்ளுங்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப இதழ்கள் கூடவே மூடும். வேறு சில எம்42 லென்ஸ்களில் இந்த விசை இல்லை, அவற்றுக்கு ஊசியை அமத்திப் பிடிக்கும் விளிம்பு உள்ள அடப்டர் தேடி வாங்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மஞ்சள் நிறம் தூசியோ எண்ணெயோ அல்ல. தாகுமார் லென்ஸ்கள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள், ஒளியை நன்றாக வளைக்கும் என்பதற்காக. அந்தக் கண்ணாடி இருட்டில் பல வருடம் கிடந்தால் மஞ்சளாகும். மிகச் சிறிய கதிர்வீச்சு உண்டு, கமராவில் பூட்டிப் படம் எடுப்பதால் ஆபத்து இல்லை, உடைத்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கக்கூடாது என்பதுதான். மூடிகளைக் கழற்றி யன்னலோரம் வெயில் படும்படி சில கிழமை வைத்தால் மஞ்சள் குறையும். ஆனால் வைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம், வெயில் கண்ணாடி வழியாக ஒரு புள்ளியில் குவிந்து மேசையையோ திரைச்சீலையையோ எரித்துவிடும், கீழே வெள்ளித் தாள் விரித்து, ஆள் வீட்டில் நிற்கும் நேரம் மட்டும் வையுங்கள். அதுவரைக்கும் கமராவில் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் படத்தில் மஞ்சள் தெரியாது.

சிலந்தி வலைதான் கவனிக்க வேண்டியது. அது பூஞ்சணம். எங்கள் மாரி மழையில், பெட்டிக்குள் துணியோடு கிடந்தால் வராமல் என்ன செய்யும்! ஓரத்தில் மட்டும் என்றால் படத்தைப் பெரிதாகப் பாதிக்காது, ஆனால் விட்டால் பூச்சை அரித்துக் கண்ணாடியிலேயே தழும்பு போடும். கழற்றித் துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். யூரியூப் பார்த்து வீட்டில் திறக்க வேண்டாம், முன் வளையத்தைக் கழற்றச் சரியான ரப்பர் கருவி இல்லாமல் குறடு போட்டால் அந்த வடு போகாது. திரும்பி வந்த பிறகு தோல் உறைக்குள் வைக்காதீர்கள், காற்றுப் போகாத பிளாஸ்ரிக் டப்பா ஒன்றில் சிலிக்கா மணிகளோடு வையுங்கள், மணி நிறம் மாறினால் வறுத்து எடுத்துத் திரும்பவும் போடலாம். மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் இப்போதைக்கு வேண்டாம்.

இனி அடப்டர். ஆர்10 வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை. 45.46 இலிருந்து கனொன் இஎஃப்பின் 44 ஐக் கழித்துப் பாருங்கள், ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பு. எம்42-இஎஃப் வளையம் ஒன்று, காசு போல மெல்லிய ஒரு தகடு, அதுதான் தேவை. அதைத் தாகுமாரில் திருகி உங்கள் 700டி யிலேயே பூட்டுங்கள், தூரப் பொருளும் கூர்மையாக வரும். நாளைக்கு ஆர்10 வந்தால் அந்த வளையத்தோடு அப்படியே கனொன் அடப்டரில் பூட்டலாம், தனியாக ஆர்எஃப் அடப்டர் வாங்கவே வேண்டாம். 85 டி க்கும் இதே வழி, நிக்கொன்-இஎஃப் வளையம் இரண்டரை மில்லிமீட்டர். வளையத்தைப் பூட்டினால் கையில் ஆட்டம் தெரியக்கூடாது, தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

700டி யில் கண்ணால் பார்க்கும் துளை வழியாக இதைப் போகஸ் செய்யப் போகாதீர்கள். அந்தத் திரை எஃப்1.8 இன் மெல்லிய கூர்மையைக் காட்டாது, பார்க்கச் சரியாகத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் காது கூர்மை, கண் மங்கல். பின்திரையில் படத்தைக் காட்டும் லைவ் வியூவைப் போட்டு 10 மடங்கு பெரிதாக்கி, கண் இமை தெரியும் வரை மெதுவாகத் திருப்புங்கள். ஆர்10 இல் இன்னும் வசதி, பீக்கிங் போட்டால் கூர்மையான விளிம்பு நிறத்தில் மின்னும். ஆனால் அது தாராளமாக மின்னும், நம்பி விட்டுவிட வேண்டாம், கடைசியில் பெரிதாக்கிப் பார்த்தே அமத்துங்கள். அந்தக் கமராவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டர் விடுவதற்கு மெனுவில் ஓர் அனுமதி இருக்கிறது, அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு அமத்தினாலும் படம் எடுக்காது. கமராவுக்கு இந்த லென்ஸ் இருப்பதே தெரியாது, அதனால்.

இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளை 85 இல் எஃப்1.8 வைத்து எடுத்தால் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய நாலு சென்ரிமீட்டர். மூச்சு விட்டாலே தாண்டிவிடும். ஓடித் திரியும் பிள்ளைகளுக்கும் ஊர்வலத்துக்கும் இந்த இரண்டு லென்ஸும் வேண்டாம். இருந்து பார்க்கும் முகத்துக்கு வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் ஆளை ஸ்டூலில் இருத்தி, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொன்னது சும்மா இல்லை. உங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

கரைச்சி

ஸ்பீட் பூஸ்ரர் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நான் புஜியில் பாவிக்கிறேன். அது வெறும் குழாய் அல்ல, உள்ளே வில்லை உண்டு, லென்ஸ் விரிக்கும் படத்தை 0.71 மடங்காகச் சுருக்கிச் சின்னச் சென்சருக்குள் அடக்கும். 50 லென்ஸ் ஏறக்குறைய 35 போல அகலும், வெளிச்சமும் ஒரு படி கூடும். மண்டபத்துக்குள் அந்த ஒரு படி பெரிய உதவி.

ஆனால் தங்கச்சிக்கு இது பொருந்துவது குறைவு. 18-55 உம் 55-250 உம் சின்னச் சென்சருக்கென்றே செய்தவை, அவை விரிக்கும் வட்டமே சின்னது, அதைச் சுருக்கினால் மூலைகள் கறுக்கும். 50 க்கும் 85 க்கும் தாகுமாருக்கும் மட்டும்தான் சரி. அதோடு நல்ல வில்லை உள்ளது மலிவில் வராது. காசு இறுக்கம் என்றால் இதைப் பிற்பாடு யோசியுங்கள்.

மாங்குளம் சந்தி

வளையம் வந்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள். இரவில் நிலவைப் பிடித்துக் கூர்மை வருகிறதா என்று பாருங்கள், வளையம் தடித்துவிட்டால் முடிவிலி, அதாவது மிகத் தூரத்தில் உள்ளதன் கூர்மை, வராது. பெரும்பாலும் செய்கிறவர்கள் ஒரு மயிரளவு மெல்லியதாகவே விடுவார்கள், அதனால் முடிவிலிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிலவு கூர்மையாகிவிடும், அது குறை அல்ல. லென்ஸில் எழுதியிருக்கும் தூர இலக்கத்தை மட்டும் நம்பாமல் விட்டால் சரி. பிறகு பகலில் கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுத்து நாலு மூலையையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் வளையம் கோணல்.

நந்திக்கடல் ஓரம்

எல்லோருக்கும் மறுபடியும் எழுதுகிறேன், கொஞ்சம் நாளாகிவிட்டது.

ஆர்10 வாங்கிவிட்டேன், கனொன் அடப்டரும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு அதைத்தான் கொண்டுபோனேன். 55-250 ஐப் பூட்டிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் நின்றேன். காவடி ஆடுகிறவர்களின் முகத்தை அது விடாமல் பிடித்தது. அடப்டர் இருப்பது பையில் வைக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, கொஞ்சம் நீளமாக இருப்பதால் பழைய இடத்துக்குள் போகவில்லை.

85 டி க்கு வந்த முதல் வளையத்தில் ஆட்டம் இருந்தது, ஐயா சொன்னபடி கையில் பிடித்து அசைத்ததும் தெரிந்தது. சுவரை எடுத்துப் பார்த்தேன், இடப்பக்கம் கீழ் மூலை கரைந்துபோய் இருந்தது. திருப்பி அனுப்பினேன், இரண்டாவது இறுக்கமாக இருக்கிறது. நிலவு கோட்டுக்கு முன்னாலேயே கூர்மையானது, அண்ணை சொல்லாமல் இருந்திருந்தால் அதையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.

தாகுமாரை எம் க்குத் தள்ளியதும் இதழ்கள் மூடின. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. பூஞ்சணம் துடைக்கக் கொடுத்து எடுத்தேன், ஓரத்தில் ஒரு தழும்பு நிரந்தரமாக இருக்கிறது, படத்தில் தெரியவில்லை. மஞ்சள் பாதி குறைந்திருக்கிறது, இன்னும் யன்னலில் வைக்கிறேன். 700டி யை விற்கவில்லை. மெல்லிய வளையத்தோடு அந்த லென்ஸ் அதிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் படம் சித்தியை எடுத்தேன். பின்னேரம், வாசல் படியில், கதவோரம் இருத்தினேன். எஃப்4 வைத்தேன், 1.8 இல் கண்ணைப் பிடிக்க இன்னும் கை பழகவில்லை. பெரிதாக்கிப் பார்த்துப் போகஸ் செய்ய எனக்கு நேரமெடுத்தது, "இன்னும் முடியவில்லையா" என்று கேட்கவே இல்லை, அசையாமல் இருந்தா. முடிந்ததும் திரையைக் காட்டினேன். சித்தப்பாவும் எடுக்கும்போது இவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு, படத்தைக் கடுதாசியில் அடித்துத் தா, தொலைபேசியில் வேண்டாம் என்றா. நாளைக்குக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் அடிக்கக் கொடுக்கப் போகிறேன்.